பச்சை இலை ஒட்டிய சத்துமா

மரபணுவை மூக்கால் மோந்து கண்டுபிடிக்க முயன்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஊவா மாகாணத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அந்தப் பெருமை எனக்கே.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். மரபணு மாற்றிய உணவு நாட்டுக்குள் வந்துவிட்டது என்று பத்திரிகைகள் தினமும் பயமுறுத்திக்கொண்டிருந்தன. பண்டாரவளைச் சந்தைக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர், என்னைக் கண்டதும் ஒரு சோயாமீட் பக்கெட்டை எடுத்து நீட்டினார்.

"ஐயா, மரபணு மரபணு எண்டு பேப்பர்ல போடுறானே, இதுல ஈக்குதா?"

கடையில் ஆட்கள் நின்றார்கள். நான் காக்கி உடுப்பில் இருந்தேன். காக்கி உடுத்த மனிதனுக்குத் 'தெரியாது' என்ற சொல் வாயில் வராது. பக்கெட்டைப் பிரித்து, மூக்குக்கிட்டே பிடித்து, கண்ணை மூடி ஒரு தடவை ஆழமாக இழுத்தேன்.

"லேசா இருக்கு," என்றேன்.

அதற்குப் பிறகு நான் சந்தைக்குள் போகவே பயந்தேன். யாராவது ஒருவர் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்து மூக்குக்கு நேரே பிடிப்பார். "ஐயா, இதையும் ஒருக்கா மோந்து பாத்துச் சொல்லுங்க" என்பார். எதற்கும் சளைக்காமல் நானும் இரண்டு பூசணிக்காயை மோந்திருக்கிறேன்.

விஷயம் என் மேலதிகாரியின் காதுக்கும் போனது. அவர் கோப்பிலிருந்து தலை நிமிராமலே சொன்னார்: "மரபணு எண்டது தூள் இல்லைக் காணும். எல்லா உயிருக்குள்ளையும் இருக்கு. உமக்குள்ளையும் இருக்கு. வேணுமெண்டா உம்மையே ஒருக்கா மோந்து பாரும்."

எங்கள் பரிசோதகர் சங்க மலருக்கு எழுதித் தரும்படி இளைய சகாக்கள் கேட்டபோது, தொற்றுநோய் தடுத்த கதை, கள்ள இறைச்சி பிடித்த கதை என்று வீரமாக ஏதாவது எழுதலாமென்றுதான் இருந்தேன். ஆனால் போன மாதம் கடையில் ஒரு தண்ணீர்ப் போத்தலை எடுத்தேன். 'மரபணு மாற்றப்படாதது' என்று அதில் பச்சை எழுத்தில் போட்டிருந்தது. தண்ணீரில்! ஓய்வுபெற்று இத்தனை காலமாகியும் எனக்கு இரத்த அழுத்தம் ஏறிவிட்டது. ஆகவே வீரக்கதை இல்லை. இந்த லேபல் என்னைப் படுத்திய பாட்டைத்தான் எழுதப்போகிறேன்.

நான் நமுனுகுலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். எப்படியோ படித்து, எப்படியோ தேறி, களுத்துறையில் பயிற்சி பெற்றேன். கக்கூஸ் குழியின் ஆழம், தேங்கிய நீரில் நுளம்புக் குடம்பி, இறைச்சியில் குத்தும் முத்திரை, கிணற்றில் போடும் குளோரின், இவைதான் நான் கற்ற கல்வி. தொண்ணூறுகள் முழுவதும் பதுளை, ஹாலிஎல, பண்டாரவளை என்று மோட்டார் சைக்கிளில் ஏறி இறங்கினேன். அந்தக் காலத்துக் கலப்படம் கண்ணுக்குத் தெரியும். மிளகாய்த்தூளில் செங்கல் தூள், தேயிலையில் மரத்தூள், பாலில் பீலித் தண்ணீர். இருக்கக்கூடாதது இருக்கிறதா என்று பார்ப்போம், இருந்தால் பிடிப்போம். அவ்வளவுதான் வேலை. இரண்டாயிரத்துக்குப் பிறகுதான் 'இல்லை' என்று ஒருவர் சொன்னதை 'உண்மையாகவே இல்லையா' என்று பார்க்கிற வேலை வந்து சேர்ந்தது. விட்டால் அழுதுவிடுவேன் என்கிற மாதிரியான வேலை அது.

என் மேலதிகாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் திருநாவுக்கரசு. யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் பகுதியின் மேற்பார்வைப் பரிசோதகர். பண்டாரவளைக் குளிரில் நாங்கள் ஸ்வெட்டருக்குமேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்கும்போது, அவர் மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருப்பார். பரிசோதிக்கப் போன கடையில் தேத்தண்ணீர் குடிக்கமாட்டார்; பச்சைத் தண்ணீர்கூட வாங்கமாட்டார். லேபலைப் படிக்கச் சட்டைப்பையில் ஒரு பூதக்கண்ணாடி வைத்திருப்பார். பக்கெட்டின் முன்பக்கத்தை அவர் பார்ப்பதே இல்லை. நேராகப் பின்பக்கம் திருப்புவார். "முன்னுக்கு இருக்கிறது ஆசை. பின்னுக்கு இருக்கிறதுதான் சாமான்" என்பார். நாங்கள் என்ன சொன்னாலும் அவரிடம் இருந்தது ஒரே கேள்வி: "ஆதாரம் எங்கை?" மழை பெய்கிறது என்று சொன்னாலும் ஜன்னலைத் திறந்து கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடையை எடுப்பார்.

பத்திரிகைப் பயம் ஊருக்குள் பரவியபோது, பண்டாரவளையில் ஓர் அச்சகக்காரருக்கு யோசனை பிறந்தது. வட்டமான ஸ்டிக்கர். நடுவில் ஒரு பச்சை இலை. இலையைச் சுற்றி மூன்று மொழியிலும் 'மரபணு மாற்றப்படாதது'. சுருள் சுருளாக அச்சடித்து, கேட்டவருக்கெல்லாம் விற்றார். ஒட்டச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. ஒட்டக்கூடாது என்றும் இல்லை. விரும்பினால் ஒட்டலாம். நம் ஆட்களுக்கு 'விரும்பினால்' என்றால் போதாதா? மாசிக்கருவாட்டில் ஒட்டினார்கள். ஊதுபத்தியில் ஒட்டினார்கள். முடிவெட்டும் கடையில் முகப்பவுடர் டப்பாவிலும் ஒன்று இருந்தது. உப்பிலும் வந்தது.

உப்புப் பக்கெட்டைப் பார்த்த திருநாவுக்கரசு ஐயா பூதக்கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உப்புக்கு மரபணு எங்கை காணும் இருக்கு? போய் விசாரியும்."

போனேன். உப்பு பொதி செய்கிற முதலாளி பாண்டியன் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள்தான். சாக்குமேல் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்.

"உப்பு உயிருள்ள பொருள் இல்லீங்க. அதுல மரபணுவே கெடையாது," என்றேன், நேற்றுத்தான் கற்ற பாடத்தை.

"கெடையாதுதானே?"

"கெடையாது."

"நானும் அதத்தானேங்க ஒட்டியிருக்கேன். இல்லன்னு போட்டிருக்கேன், நீங்களும் இல்லங்கிறீங்க. பொறகு எதுக்கு இம்புட்டுத் தூரம் வந்தீங்க?"

"மத்த உப்புல இருக்கிற மாதிரி சனங்க நெனைக்கும்ல" என்று இழுத்தேன். "நெனச்சா நெனைக்கட்டும், நெனைப்புக்கு நான் வரியா கட்டுறேன்?" என்றார். எச்சரித்துவிட்டு, ஒரு பக்கெட் உப்பையும் விலைக்கு வாங்கிக்கொண்டு திரும்பினேன். ஏன் வாங்கினேன் என்று இன்றுவரை தெரியாது.

திருநாவுக்கரசு ஐயா ஒரு முடிவுக்கு வந்தார். "பச்சை இலை ஒட்டின சாமான் எல்லாத்திலையும் மாதிரி எடும். கொழும்புக்கு அனுப்புவம்." உப்பையும் முகப்பவுடரையும் ஊதுபத்தியையும் அனுப்பி என்ன சோதிப்பது? சோதிக்கக்கூடியது எது என்று பார்த்துக் கழித்துக்கொண்டே வந்தால், எங்கள் பகுதியில் கடைசியில் மிஞ்சியது ஒன்றே ஒன்றுதான். பூனாகலைத் தோட்டத்துப் பெண்கள் சங்கத்தின் சத்துமா.

அந்தச் சங்கத்தின் தலைவி புஷ்பராணி. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர். தோட்டப் பெயர்ப்பதிவிலிருந்து தன் பெயரை வெட்டச் சொல்லிவிட்டு, இன்னும் நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு, பழைய பிள்ளைக் காம்பராவில் தொழிலைத் தொடங்கினார். தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம்தான் பிள்ளைக் காம்பரா. புதிதாக ஒன்று கட்டியபின் பழையது சும்மா கிடந்தது. குரக்கன், சிவப்பரிசி, பயறு, சோயா எல்லாம் வறுத்து மாவாக்குவார்கள். தோட்டத்தில் ஒருமுறை பெயரை வெட்டினால் திரும்பப் பதிய, துரையிலிருந்து கங்காணிவரைக்கும் கெஞ்ச வேண்டும். சங்கம் விழுந்தால் புஷ்பராணி அந்த நான்கு பேரோடும் போய்க் கெஞ்ச வேண்டியதுதான். அதுவும் அவர் வெளியேறியபோது "பாக்கலாம், எத்தன நாளைக்குன்னு" என்று சிரித்த ஆட்களிடம்.

தொடக்கத்தில் அவர்கள் வாசலில் உரல் போட்டு இடித்தார்கள். நான்தான் போய்ச் சத்தம் போட்டேன். சுற்றிலும் கோழிகள் மேய்ந்தன. ஒரு சேவல் உரல் விளிம்பிலேயே ஏறி நின்றது. "கொழந்தைங்க சாப்பிடுற மா! இனிமே இங்க இடிக்கக்கூடாது. பண்டாரவளையில பதிஞ்ச மில்லு இருக்கு, அங்க கொண்டுபோய் அரைங்க," என்று உத்தரவு போட்டேன். அவர்களும் கேட்டார்கள். மூட்டையைத் தலையிலும் பஸ்ஸிலும் சுமந்து பியசேன முதலாளியின் மில்லுக்குப் போகத் தொடங்கினார்கள்.

அப்புறம் எல்ல என்ற சுற்றுலா ஊரில் வெள்ளைக்காரப் பயணிகளுக்குச் சாமான் விற்கும் நிமல் என்ற கடைக்காரர் சத்துமாவை எடுக்கச் சம்மதித்தார். வெள்ளைக்காரர்கள் காலையில் கஞ்சி குடிக்க ஆசைப்பட்டார்களாம். ஆனால் அவர்கள் மரபணு பற்றிக் கேட்கிறார்கள், பச்சை இலை ஸ்டிக்கர் இருந்தால்தான் எடுப்பேன் என்றார் நிமல். புஷ்பராணி என்னிடம் வந்து கேட்டார்.

"சோயா எங்க வாங்குறீங்க?"

"மகியங்கனைப் பக்கம் ஒரு சிங்கள ஐயா பயிர் பண்றாருங்க. நாங்களே போய்ப் பாத்துட்டு வந்தோம். அவரு வெதையும் அவரே எடுத்து வைக்கிறவரு."

"அப்ப உண்மைதானே. உண்மைனா ஒட்டலாம்," என்றேன். சரியான பதில்தான். சரியான பதில்கள்தான் என்னை எப்போதும் மாட்டிவிட்டிருக்கின்றன.

மாதிரி எடுக்கப் போன நாளைச் சொல்லாமல் இருக்க முடியாது. விதிப்படி, பொருளை விலை கொடுத்து வாங்க வேண்டும். உரியவர் கண்முன்னே மூன்று சம பங்காகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பங்கையும் பையிலிட்டு, கட்டி, முடிச்சின்மேல் அரக்கை உருக்கி ஊற்றி, முத்திரை குத்தி, இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒன்று உரியவருக்கு, ஒன்று ஆய்வுகூடத்துக்கு, ஒன்று நம் பாதுகாப்பில். பயிற்சியில் இதை மின்விசிறிகூட இல்லாத மூடிய அறையில் செய்து பழகினோம். பூனாகலைக் காற்று அந்தப் பாடத்திட்டத்தில் இல்லை. மெழுகுதிரியைக் கொளுத்தக் கொளுத்த அணைந்தது. கடைசியில் ஐந்து பெண்களும் என்னைச் சுற்றி முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அரக்கு உருகியது, முடிச்சில் விழாமல் என் காற்சட்டையில் விழுந்தது.

மாரியாயி அக்கா சங்கத்தில் வயதில் மூத்தவர். வாயும் மூத்தது. "ஐயா, காத்சட்டைக்கும் முத்திர குத்திருங்க. அதுலயும் மரபணு இல்லன்னு ஆகட்டும்," என்றார்.

புஷ்பராணி மட்டும் சிரிக்கவில்லை. பையைக் கட்டும்போது ஒரு கையால் முடிச்சைப் பிடித்துக்கொண்டே கேட்டார்: "இதுல எதாச்சும் பெசகு வந்தா என்னாங்க ஆகும்?"

"நீங்க பொய் சொல்லலையே, எப்படிப் பெசகு வரும்?" என்றேன்.

வந்தது. கொழும்பிலிருந்து வந்த அறிக்கையில் மரபணு மாற்றிய சோயா இருப்பதாகக் கண்டிருந்தது. திருநாவுக்கரசு ஐயா அதை வாசித்தார். பூதக்கண்ணாடியோடு இன்னொரு தரம் வாசித்தார். மடித்து என் பக்கம் தள்ளினார்.

"வழக்குப் பத்திரம் எழுதும்."

"ஐயா, அந்தப் புள்ள பொய் சொல்ற ஆளில்லைங்க."

"அவ பொய் சொன்னவ எண்டு நான் சொன்னனானே? பக்கெட்டிலை இல்லையெண்டு கிடக்கு. பக்கெட்டுக்குள்ளை இருக்கு. ஆதாரம் கையிலை. பிறகென்ன?"

எனக்கு வந்த எரிச்சலை எழுத்தில் கொண்டுவர முடியாது. மரபணு மாற்றிய இறக்குமதிச் சோயாவை மூட்டை மூட்டையாக விற்கிறவர்கள் ஊரில் இருந்தார்கள். அவர்கள் பக்கெட்டில் ஒன்றும் எழுதவில்லை. எழுதாதவர்மேல் வழக்கு இல்லை. உப்புக்காரப் பாண்டியன் சும்மா ஒட்டினார். உப்பில் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை, அவர்மேலும் வழக்கு இல்லை. மகியங்கனைவரை போய், விதையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, உண்மை என்று நம்பி ஒட்டியவள் ஒருத்தி. அவள் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். இதைத் திருநாவுக்கரசு ஐயாவிடம் ஒரு மணிநேரம் கொட்டித் தீர்த்தேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "நல்லாக் கதைக்கிறீர். நான் வழக்கு வைக்காமல் விடுறதுக்கு இதிலை எது ஆதாரம்?" என்றார். இருந்தாலும், வரும் கிழமை வரைக்கும் பத்திரத்தில் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று சொன்னார். அவரிடமிருந்து அது கட்டிப்பிடித்து ஆறுதல் சொன்னதற்குச் சமம்.

பூனாகலைக்குப் போய் ஸ்டிக்கரை உரிக்கச் சொன்னேன். ஸ்டிக்கர் இல்லாமல் விற்கத் தடையில்லை என்றும் சொன்னேன். யாருடைய காதிலும் அது ஏறியதாகத் தெரியவில்லை. எல்லக் கடைக்காரர் நிமல் ஸ்டிக்கர் இல்லாவிட்டால் வேண்டாம் என்று ஏற்கனவே சொல்லியனுப்பிவிட்டார். ஐந்து பேரும் தரையில் உட்கார்ந்து நகத்தால் பச்சை இலையைச் சுரண்டினார்கள்.

"நாங்க எங்கங்க தப்புப் பண்ணுனோம்?" என்று புஷ்பராணி கேட்டார். "அதையாச்சும் சொல்லுங்க. தப்புத் தெரிஞ்சா கோட்டுல ஒத்துக்கிட்டுப் போறேன். தெரியாம எத ஒத்துக்குறது?"

சோயா வாங்கிய சாக்கு, வறுத்த சட்டி, சலித்த சல்லடை எல்லாவற்றையும் பார்த்தேன். வேறு கடைச் சோயா ஒரு மணிகூட இல்லை. மில்லுக்கும் போனேன். பியசேன முதலாளி நல்ல மனிதர். "மஹத்தயா, நான் ஒண்ணும் கலக்கிறது இல்ல. அவங்க கொண்டு வாறாங்க, அவங்க முன்னுக்கே போடுறாங்க, அவங்களே எடுத்துப் போறாங்க," என்றார். உண்மைதான். அரைக்கும்போது பெண்கள் பக்கத்திலேயே நிற்பார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பத்திரத்தை எழுதத் தொடங்கினேன்.

அந்தச் சனிக்கிழமை என் மனைவி ஒரு பை நிறைய வறுத்த மிளகாயைக் கையில் திணித்து, "ஊரு லேபலையெல்லாம் பாத்தது போதும், இத அரைச்சுக்கிட்டு வாங்க," என்று துரத்தினாள். அரசாங்க அதிகாரி மிளகாய்ப் பையோடு மில் வரிசையில் நிற்பதைப் பார்த்துப் பண்டாரவளையே மகிழ்ந்தது. என் முறை வந்தது. மிளகாய் அரைபட்டது. இருமி, தும்மி, பையைக் கட்டிக்கொண்டு பின்னால் திரும்பிப் பார்த்தேன். எனக்கு அடுத்து ஒரு பெண் அரிசிப் பையோடு நின்றாள். நகரவில்லை.

"போங்கம்மா, ஒங்க முறதான்," என்றேன்.

"ஐயோ, நாங்க மொளகாய்க்குப் பின்னாடி போடமாட்டோங்க. மா ஒறைச்சுப் போகும். கோழித்தீனிக்காரர் முன்னாடி போகட்டும்."

வரிசையின் கடைசியில் கோழித்தீனிக்காரர் மூட்டைமேல் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். எல்லாரும் அவரை முன்னால் வரச்சொல்லிக் கை காட்டினார்கள். அவரும் தினமும் நடப்பதுபோல எழுந்து வந்தார். மில்லில் இருந்தது ஒரே இயந்திரம். மிளகாய் அரைத்தால் அதன் காரம் உள்ளே ஒட்டியிருக்கும். அதைத் துடைத்தெடுக்க இடையில் ஏதாவது ஒன்று அரைபட வேண்டும். கோழிக்குக் காரம் உறைக்காது. ஆகவே மிளகாய்க்குப் பின்னால் கோழித்தீனி, கோழித்தீனிக்குப் பின்னால் மனிதர்களின் மா. அந்த மில்லின் எழுதாத சட்டம் அது. மூட்டையைக் கவிழ்த்தார் கோழித்தீனிக்காரர். இறக்குமதிச் சோளமும் இறக்குமதிச் சோயாப் பிண்ணாக்கும் மஞ்சளாய்க் கொட்டின.

"பூனாகலைச் சத்துமாக்காரங்களும் இப்பிடித்தான் காத்திருப்பாங்களா?" என்று பியசேன முதலாளியைக் கேட்டேன்.

"அவங்கதான் கூட! கொழந்தச் சாப்பாடு, மொளகா படவே கூடாதுன்னு, கோழித்தீனி வர்ற வரைக்கும் பின்னேரம் ஆனாலும் நிப்பாங்க."

சுத்தமாக இருக்க வேண்டுமென்றே அவர்கள் காத்திருந்தார்கள். காத்திருந்து வாங்கியது அந்தச் சோயாவை. வாசலில் மேய்ந்த கோழிகளிடமிருந்து மாவைக் காப்பாற்றிக் கோழித்தீனியிடம் ஒப்படைத்தவன் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மிளகாய்ப் பையோடு நேராகத் திருநாவுக்கரசு ஐயாவின் விடுதிக்கு ஓடினேன். ஓடும்போது உற்சாகத்தில் கண்ணைக் கசக்கித் தொலைத்தேன். அவர் கதவைத் திறந்தபோது என் இரண்டு கண்ணிலும் தாரை தாரையாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஏன் காணும் அழுறீர்? ஆரும் செத்துப்போட்டினமோ?"

"கோழித்தீனி, ஐயா!" என்றேன்.

என்னைக் குழாயடிக்குக் கூட்டிப்போய் முகத்தைக் கழுவவைத்து, ஒரு கதிரையில் இருத்தி, முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். முடித்ததும் அவர் கேட்டது உங்களுக்குத் தெரிந்ததுதான். "சரி. ஆதாரம் எங்கை?"

ஆனால் இந்த முறை அவரே எழுந்து வந்தார். மறுகிழமை ஒரு நாள் விடிந்ததும், மில் திறக்கிற நேரத்துக்கு நாங்கள் இருவரும் அங்கே நின்றோம். புஷ்பராணியும் மாரியாயி அக்காவும் மூட்டையோடு வந்திருந்தார்கள். திருநாவுக்கரசு ஐயா கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். கைக்குட்டையை மூக்கின்மேல் கட்டிக்கொண்டார். இயந்திரத்தின் வாயைக் கழற்றச் சொல்லி, தகட்டைக் கழற்றச் சொல்லி, மா விழும் துணிக்குழாயைக் கழற்றி வெயிலில் உதறச் சொன்னார். மூலைகளைத் தானே தூரிகையால் துடைத்தார். உள்ளேயிருந்து விழுந்த பழைய தூளைத் தனிப் பையில் எடுத்தார். பிறகு எல்லாவற்றையும் கழுவிக் காயவைக்கச் சொன்னார். பியசேன முதலாளிக்கு வேர்த்தது. "மஹத்தயா, மில்ல மூடிருவாங்களா?" என்று என் காதில் கேட்டார். "அவரு சுத்தம் பண்ணித் தாராரு முதலாளி, பாத்துக்கிட்டு நில்லுங்க," என்றேன்.

அதற்குப் பின் சங்கத்தின் சோயாவை முழு மணியாக ஒரு மாதிரி. கழுவிய மில்லில் முதலாவதாக அரைத்த மாவில் ஒரு மாதிரி. வேண்டுமென்றே கோழித்தீனி அரைத்துவிட்டு, அதன்பின் அரைத்த மாவில் ஒரு மாதிரி. ஒவ்வொன்றையும் மூன்றாகப் பிரித்து, கட்டி, அரக்கு வைத்தார். அவர் அரக்கு ஊற்றியபோது ஒரு துளிகூடச் சிந்தவில்லை. மாரியாயி அக்கா என் காற்சட்டையைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

பொதியை ரயிலில் கொழும்புக்கு அனுப்பினோம். காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பில் நான் பூனாகலைப் பக்கமே போகவில்லை. போய் என்ன சொல்வது? எதிரில் தோட்டத்து ஆட்கள் யாராவது வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். புஷ்பராணி கங்காணி வாசலில் நிற்பதாகக் கனவுகூடக் கண்டேன்.

அறிக்கை வந்தது. முழுச் சோயாவில் இல்லை. கழுவிய மில்லில் அரைத்த மாவில் இல்லை. கோழித்தீனிக்குப் பின் அரைத்ததில் இருந்தது. மூலையில் துடைத்த தூளில் தாராளமாக இருந்தது.

திருநாவுக்கரசு ஐயா வழக்குப் பத்திரத்தை எடுத்தார். குறுக்கே ஒரு கோடு போட்டார். நான்காகக் கிழித்தார். கிழித்ததைக் குப்பைக் கூடையில் போடாமல் கோப்புக்குள்ளேயே வைத்தார், அதுவும் ஆதாரமாம்.

"எச்சரிக்கையோடை முடிப்பம். மில்லைக் கழுவி முதலாவதா அரைச்சா லேபல் ஒட்டலாம். கழுவினதுக்கு ஒவ்வொரு முறையும் நீர் நேரை நிண்டு அத்தாட்சி குடும்."

"ஒவ்வொரு முறையுமா?"

"உரலை நிப்பாட்டினது ஆர்?"

ஆனாலும் என் மனம் துள்ளியது. அவர் கையெழுத்திட்ட அனுமதியையும், அச்சகத்தில் சொந்தக் காசில் வாங்கிய ஒரு சுருள் புதிய பச்சை இலை ஸ்டிக்கரையும் பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை முடுக்கினேன். வழி நெடுக என்ன பேசுவதென்று ஒத்திகை பார்த்தேன். தோட்டத்துப் பாதையில் எல்லக் கடைக்காரர் நிமலின் முச்சக்கரவண்டி எனக்கு எதிரே இறங்கி வந்தது. பின்னால் பெட்டி பெட்டியாகச் சத்துமா. பாவி, மிச்சம் கிடந்ததையும் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறான், அவர்கள் வாங்க மறுத்து அனுப்பியிருக்கிறார்கள் போல என்று நினைத்து அவனை முறைத்தேன். அவன் சிரித்துக்கொண்டே கையசைத்துவிட்டுப் போனான். இன்னும் ஆத்திரம் வந்தது.

பழைய பிள்ளைக் காம்பராவில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஐந்து பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். புஷ்பராணி பக்கெட் வாயைத் திரியில் காட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றபடியே ஒத்திகை பார்த்த முழுவதையும் பொழிந்தேன். வழக்கு இல்லை. யாரும் நீதிமன்றத்துக்குப் போக வேண்டாம். தப்பு மில்லில்தான், உங்களிடம் இல்லை. இனிமேல் மாதாமாதம் விடியற்காலையில் நானே மில்லுக்கு வந்து நிற்பேன், கழுவிக் காட்டி அத்தாட்சி தருவேன். தைரியமாக ஒட்டுங்கள், இதோ ஸ்டிக்கர், என்று சுருளை எடுத்துத் தோரணம் மாதிரி இழுத்துக் காட்டினேன்.

வழக்கு இல்லை என்றபோது புஷ்பராணியின் கை ஒரு கணம் நின்றது. பிறகு அடுத்த பக்கெட்டை எடுத்து, திரியில் காட்டி, விரலால் அழுத்தி, தன் பின்னால் கடைகளின் பெயர் எழுதிக் கூரை உயரத்துக்கு அடுக்கியிருந்த பெட்டிகளின் மேல் வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"ஒட்டாமயே விக்கிதுங்க."